நடு அளவு

எச்சில்கூட ஒழுங்காக ஊறாத ஒருத்தியை நம்பித்தான் இந்தக் குடும்பம் தன் வருங்காலத்தைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறது என்று நடு நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. வாயில் புனல் இருந்தது.

புனலுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாயின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. அவள் வெகுநேரமாகத் துப்பியதில் அடியில் கொஞ்சம் ஈரம் தேறியிருந்தது. மீதியெல்லாம் நுரை.

"புளிப்பா எதையாவது நினைச்சுக்கோடி," என்றாள் மூத்தவள். ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. விடுமுறை நாளிலும், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலும், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரியே நிற்பாள்.

"எலுமிச்சம்பழம் நினைச்சாச்சுக்கா," என்றாள் நடு, புனலிலிருந்து வாயை எடுத்து.

"மாங்காய்?"

"அதுவும் ஆச்சு."

"நடுக்கா, உன் மாமியாரை நினைச்சுக்கோயேன்," என்றாள் கடைக்குட்டி. மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மறுத்துப் பேசுவதில்லை என்பதால் அவளுடைய வாய் தடையில்லாமல் வளர்ந்திருந்தது.

"அவங்களை நினைச்சா இருக்கறதும் வத்திடும்," என்றாள் நடு.

சன்னலோர நாற்காலியில் மூத்தவளின் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேசுவதையே காலமெல்லாம் எழுதியதில், தான் பேசுவதை விட்டுவிட்டார். கேட்டால் பதில் சொல்வார்தான். ஆனால் அந்த வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சகோதரிகள் மூவர் இருக்க, குழாய் ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். அதற்குக் காரணம் அம்மா.

அம்மா மூன்று பெண்களுக்கும் துணி வெட்டும்போது நடுவில் பிறந்தவளை மட்டும்தான் நிற்கவைத்து அளவெடுப்பாள். பெரியவளுக்கு ஒரு விரற்கடை கூட்டு, சின்னவளுக்கு ஒரு விரற்கடை குறை, அவ்வளவுதான் தையல் சாஸ்திரம். ஷூ வாங்கவும் இவளை மட்டும்தான் கூட்டிப் போவாள். மூத்தவள் பள்ளி முடியும்வரை கால்விரலை மடக்கியே நடந்தாள். கடைக்குட்டி ஷூ முனையில் காகிதம் திணித்துக்கொண்டாள். 'நடுவைக் கூப்பிடு, அளவு பார்க்கணும்' என்று அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு இவளுக்குப் பெயரே நடு என்று ஆகிவிட்டது. எல்லாம் அவளுக்குக் கச்சிதமாக இருந்தன. அதனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்லாத பிள்ளையை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை அவள் சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

அம்மா போன பிறகு மிஞ்சியது அம்மாவின் சர்க்கரை. மூவரில் முதலில் அகப்பட்டவள் நடு. "எல்லையில நிக்கறீங்க," என்றார் டாக்டர். "இன்னும் தாண்டல. சாப்பாட்டைச் சரி பண்ணுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்."

எல்லையில் நிற்பது அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய பயம் வேறு ஒன்று. அம்மாவின் சர்க்கரை கடைசியில் கண்ணில் போய் உட்கார்ந்தது. எதைத் தொட்டாலும் "இது என்ன கலர்?" என்று கேட்பாள். "பச்சைம்மா" என்று சொன்னால் போதாது. "என்ன பச்சை?" என்பாள். நடு பெயிண்ட் கடையில் சாயம் கலக்கும் மேசையில் வேலை செய்கிறாள். இரண்டு பச்சைகளுக்கு நடுவே இருக்கும் பச்சையைக் கண்ணாலேயே பிரித்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அவளிடம் இருக்கிற ஒரே கெட்டிக்காரத்தனம் அது. அதைச் சர்க்கரை கொண்டுபோய்விட்டால், மிச்சம் இருப்பது ஷூ அளவு மட்டும்தான்.

எந்த உணவு யாருக்குச் சர்க்கரையை ஏற்றும் என்று மரபணுவைப் பார்த்தே சொல்கிறார்கள் என்ற செய்தியைக் கடைக்குட்டிதான் கொண்டுவந்தாள். அவள் கடைக்குத் தலை கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாளாம். மூத்தவள் உடனே தீர்ப்புச் சொன்னாள். "மூணு பேருக்கு மூணு குழாய் எதுக்கு? நடுவுக்குப் பார்த்தாப் போதும். நாம கூட்டிக் குறைச்சுக்கலாம்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பின்னால் யோசித்தபோது நடுவுக்கு அதுதான் திகிலாக இருந்தது. தனக்கும் வரவில்லையே!

கைபேசி அடித்தது. பெயிண்ட் கடை முதலாளி. குழாயை மேசைமேல் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு கஸ்டமர் வந்து வெள்ளை வேணும்கறார்மா."

"எந்த வெள்ளை சார்?"

"வெள்ளைன்னா வெள்ளைதானாம்."

"பால் வெள்ளையா, முட்டை ஓட்டு வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா? அவர் வீட்டம்மா கூட வந்திருக்காங்களா?"

"இல்ல. தனியாத்தான் நிக்கறார்."

"அப்ப குடுக்காதீங்க சார். நாளைக்கே திரும்பி வந்துடும்."

"பெயிண்டா?"

"பெயிண்டும், அவரும்."

உள்ளே வந்தபோது மூத்தவள் குழாயை மூடிபோட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, கோடு?"

"கோடெல்லாம் மருந்து பாட்டில்ல போடற கோடு மாதிரிடி. சும்மா ஒரு இதுக்குப் போடறது. விடு, ஆச்சு."

ஆச்சு என்றால் ஆச்சுதான். தன் விஷயத்தில் எது எப்போது முடிந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கடைக்குட்டி வாயைத் துடைத்துக்கொண்டு "டீ போடலாமா?" என்றாள். செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது.

ஆலோசகியின் அறை ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. கீழிருந்து இஸ்திரி ஆவியின் வாசம் வந்தது. ஆலோசகி இளம்பெண். கணினித் திரையை நடுவின் பக்கம் திருப்பியவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"மேடம், உங்களை மாதிரி ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்ல."

நடுவின் வாழ்க்கையில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒவ்வொரு மரபணுவும் நமக்கு ரெண்டு ரெண்டா வரும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. சிலதுல ரெண்டும் நல்லது, சிலதுல ரெண்டும் தொந்தரவு, சிலதுல கலந்து வரும். ஒருத்தருக்கு மாவுப் பொருள் சாப்பிட்டா சர்க்கரை சட்டுனு ஏறும், ஒருத்தருக்குக் கொழுப்பு ஒத்துக்காது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனா உங்களுக்கு..." திரையைத் தொட்டுக் காட்டினாள். "மாவுச்சத்து, கொழுப்பு, நார்ச்சத்து, காபி, இன்சுலின், இனிப்பு ஆசை, எல்லாத்துலயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. எல்லாமே நடுத்தரம்."

நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தார்கள். நடுவின் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறத்தில், பழுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அழுது வடிந்தன. எங்கோ பார்த்த நிறமாக இருந்தது. கடையின் பின்கட்டில், மிச்சம் மீதி பெயிண்டையெல்லாம் ஊற்றிவைக்கும் டிரம்மின் நிறம் என்று நினைவு வந்தபோது அவளுக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. உள்ளுக்குள் இத்தனை வருடம் சந்தேகப்பட்டதை விஞ்ஞானம் உறுதிசெய்துவிட்டது, அவ்வளவுதான். வகுப்புப் புகைப்படத்தில் நடு வரிசை. மதிப்பெண் பட்டியலில் நடு இடம். கட்டிய கணவன் இத்தனை வருடச் சமையலுக்குக் கொடுத்த பட்டம் 'பரவாயில்லை.'

"அப்ப நான் என்ன சாப்பிடணும்மா?"

"எதையும் முழுசா விட வேண்டாம். எதையும் முழுசா சாப்பிடவும் வேண்டாம். பாதி." பிறகு அந்தப் பெண் நியாயமாக ஒன்றையும் சொன்னாள். "மரபணு வழிகாட்டிப் பலகை மாதிரிதான் மேடம். வண்டியை நீங்கதான் ஓட்டணும். காய்கறியை முதல்ல சாப்பிடுங்க, சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க, விரல்ல குத்திப் பார்த்துக் குறிச்சுக்கோங்க."

நடுவின் மூளை இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. பாதி என்பதை.

வீட்டில் எல்லாம் பாதியானது. பாதி வாழைப்பழம், பாதி ரொட்டித்துண்டு, பாதி உருளைக்கிழங்கு. மறுபாதிகள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மூடிபோட்டுக் குளிர்பெட்டியில் வரிசை கட்டின. அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கோடு வாழ்கிறவன். வீட்டிலும் யாராவது வேகமாக நடந்தால் அவன் வலது கால் தரையை அழுத்தும். குளிர்பெட்டி விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை.

"வீணாப் போகுமேன்னு பார்த்தேன்," என்றான், இரண்டாவது வாரம், பேன்ட் பொத்தானைப் போட மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"அதை நாளைக்கு நான் சாப்பிடலாம்னு வச்சிருந்தேங்க."

"நாளைக்கு நீ சாப்பிட்டா அது முழுசு ஆயிடாதா?"

அதில் ஏதோ நியாயம் இருப்பதாகத் தோன்றியதால் அவளால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனால் விரல் குத்தும் கருவியில் எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. ஆலோசகியைக் கூப்பிட்டாள்.

"பாதிதானே மேடம் சாப்பிடறீங்க?"

"பாதிதாம்மா. காலையில எழுந்ததும் பாதி பழம். டிபனுக்குப் பாதி ரொட்டி, அது பத்தலன்னு இன்னொரு ரொட்டில பாதி. கடைக்குப் போனதும் பாதி பிஸ்கட்."

"ஒரு பிஸ்கட்ல பாதியா?"

"பாக்கெட்ல."

"மேடம், ஒரு வேளைக்கு எல்லாம் சேர்த்துத்தான் பாதி."

தன் ஏமாற்று வேலையில்கூட ஒரு துணிச்சல் இல்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏமாற்றுகிறவர்கள் முழு பாக்கெட்டையல்லவா சாப்பிடுவார்கள்!

உண்மையான பாதிக்கு இறங்கினாள். அடுத்த வாரமே பசி தலைக்கேறியது. ஒரு பல் டாக்டர் தன் காத்திருப்பு அறைக்கு, நோயாளிகள் மனம் அமைதியடைகிற மாதிரி இளநீலம் கேட்டிருந்தார். நடு கலக்கும்போது அவள் கண்முன் ஒரு முழு ரொட்டி மிதந்துகொண்டிருந்தது. நீலச் சாயத்துக்குப் பதில் சிவப்புச் சாயத்தின் குழாயை அழுத்தியது அவள் கைதான். மூன்று சுவர் அடித்து முடித்த பிறகு பல் டாக்டர் நேரில் வந்தார்.

"அந்த ரூம்ல உக்கார்ந்தா ஈறு வீங்கின வாய்க்குள்ள உக்கார்ந்த மாதிரி இருக்கு," என்றார். "ரெண்டு பேர் எழுந்து ஓடிட்டாங்க."

பெயிண்டைத் திரும்ப வாங்கிப் பின்கட்டு டிரம்மில் ஊற்றினார்கள். முதலாளி நல்லவர். திட்டவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "கண்ணு கிண்ணு சரியா இருக்காம்மா? ஒரு தடவை பார்த்துடேன். அதுவரைக்கும் வேணா பில் போடற மேசைல உக்காரு."

அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். வழியில் இருந்த ஒவ்வொரு கதவையும் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அது பாசிப் பச்சை. இது நனைந்த செங்கல். அது பழைய தேயிலை. என்ன பச்சை, என்ன பச்சை என்று அம்மா பக்கத்தில் கேட்டுக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

இதற்கிடையில் கூட்டலும் கழித்தலும் நடந்துகொண்டிருந்தன. நடுவுக்குப் பாதி என்றால் தனக்கு முக்கால் என்று மூத்தவள் முடிவுகட்டியிருந்தாள். கடைக்குட்டி கால் பங்குக்கு இறங்கியிருந்தாள். பள்ளியில் ஆசிரியர்களுக்கு நடந்த பரிசோதனையில் மூத்தவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. கடைக்குட்டிக்குத் தலை சுற்றி, ஒரு மணப்பெண்ணின் முன்முடி சாய்வாக வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள்.

"உன் ரிப்போர்ட்டை நம்பித்தான்டி முக்கால் ரொட்டி சாப்பிட்டேன். இதுக்கு முன்னாடி நான் ஒழுங்காத்தான் இருந்தேன்."

"இதுக்கு முன்னாடி நீ பார்க்கவே இல்லையேக்கா."

"அதான் சொல்றேன், ஒழுங்கா இருந்தேன்!"

கடைக்குட்டி அழுதாள். "அந்தப் பொண்ணு மேடைல தலையைச் சாய்ச்சே உக்கார்ந்திருந்தா நடுக்கா, முடி நேராத் தெரியணும்னு. உன் ஜீன்ல என்னதான் கோளாறு?"

"தெரியலடி. மன்னிச்சுக்கோ," என்றாள் நடு. போனை வைத்த பிறகுதான், தன் மரபணுவுக்காகத் தான் மன்னிப்புக் கேட்டது உறைத்தது. பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்பதும் அதுவும் ஒன்றுதான். அதை எவ்வளவு இயல்பாகச் செய்துவிட்டாள்!

பரிகாரத்தையும் மூத்தவளே கண்டுபிடித்தாள். ஞாயிறுதோறும் நடுவின் வீட்டில் எல்லாரும் கூடுவது. சந்தேகமான உணவையெல்லாம் நடு சாப்பிடுவது. பிறகு விரலில் குத்தி, எது எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்ப்பது.

"நாங்க சாப்பிட்டா எங்களுக்கு ஏறிடும்ல?" என்றாள் மூத்தவள்.

"எனக்கு?"

"நீ நடுத்தரம்தானேடி. தாங்குவே."

மூத்தவள் வேகவைத்த உருளைக்கிழங்கு கொண்டுவந்தாள். கடைக்குட்டி வாழைப்பழமும் ரஸ்க்கும். நடு எல்லாவற்றையும் தின்றாள். இரண்டு கைகளிலும் குத்தாத விரல் இல்லாமல் போனது. கணவன் சுவரோரம் நின்று வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே இருந்தான். எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சகோதரிகள் "அடேயப்பா!" என்றார்கள். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் அவள் ஜெயித்துக்கொண்டிருப்பதுபோல. அவளுக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் இரவு தூக்கம் வரவில்லை.

மறுபடி ரத்தம் பார்க்க டாக்டர் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அந்த வாரத்தில்தான் ஆலோசகியிடமிருந்து ஒரு சிறு பார்சல் வந்தது. உள்ளே புதிய குழாய். பின்னாலேயே போனும் வந்தது.

"மேடம், உங்க ரிப்போர்ட்டை ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பிக் கேட்டேன். எனக்கு மனசே ஒப்பல. அவங்களுக்கும் சந்தேகமா இருக்காம். இன்னொரு தடவை எச்சில் குடுத்துடுங்க."

பார்சலைப் பற்றிக் கேள்விப்பட்ட மூத்தவள், ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் வீட்டுக்கே எடுத்து வரச்சொன்னாள். போன தடவை மாதிரியே சாப்பாட்டு மேசை, கடைக்குட்டியின் ஆடும் கால், சன்னலோரம் செய்தித்தாள். புதிதாக நடுவின் கணவனும் கூட வந்து சுவரோரம் நின்றான். இன்னொன்றும் புதிது. மேசை நடுவில் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்த எலுமிச்சை கேக் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட்டே சந்தேகம்னு ஆயிடுச்சு. அப்புறம் கேக்குக்கு என்ன தடை?" என்றாள் மூத்தவள். "ஆனா அந்தப் பொண்ணை முதல்ல போன்ல பிடி. நாலு கேள்வி கேக்கணும். மூணு மாசமா எங்களைப் படுத்தியிருக்கா."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்கள்.

"என்னம்மா நீங்க, எங்க தங்கச்சியை இப்படிச் சித்திரவதை பண்ணிட்டீங்க? உங்க மெஷின் சரியில்லன்னா ஒத்துக்கோங்க."

"மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம்," என்றாள் ஆலோசகி. "ஒண்ணு மட்டும் தெரியணும். அன்னைக்கு எச்சில் எடுத்தப்ப ரூம்ல யார் யார் இருந்தீங்க?"

"நாங்க மூணு பேர்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"வேற யாரு?" என்ற மூத்தவள் சுற்றிப் பார்த்தாள். "இவர் இருந்தார். எங்க வீட்டுக்காரர். அவர் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருந்தார்."

"சார் அங்க இருக்காரா? சார், நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

செய்தித்தாள் மெதுவாகத் தாழ்ந்தது. அவர் அதை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதானோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"பார்த்தேன். நடு போன் பேசப் பால்கனிக்குப் போனா. குழாய் நிரம்பலன்னு என் மனைவி அதுல ஒரு வாய் துப்பினாங்க, சின்னவ ரெண்டு வாய் துப்பினா, அப்புறம்தான் கோடு வந்தது."

கீழே தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாகப் போகிற ஓசை கேட்டது. நடுவின் கணவன் தரையை அழுத்தினான்.

"ஏங்க, இதை மூணு மாசமா சொல்லாம இருந்தீங்களே!" என்றாள் மூத்தவள்.

"யாரும் கேக்கலையே," என்றார் அவர்.

"ஒரே ரத்தம்தானே!" என்று கடைக்குட்டி சீறினாள். "ஒரே வயித்துல பிறந்தவங்கதானே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா என்ன ஆயிடும்னு அக்காதான் சொன்னா."

போனிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. "மூணு பேர் எச்சிலைக் கலந்தா எல்லாத்துலயும் ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டதுன்னுதான் மேடம் வரும். அது யாரோட ரிப்போர்ட்டும் இல்ல. இத்தனை நாள் நீங்க பத்தியம் இருந்தது, இல்லாத ஒரு ஆளுக்காக." பிறகு குரலைத் தணித்து, "நடு மேடம், நீங்க மட்டும் ஒரு நாள் இங்க வாங்க. தனியா. டாக்டர்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிடுங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பெயிண்ட் டிரம்! தினமும் பார்க்கிற டிரம். நீலமும் சிவப்பும் பச்சையும் ஒன்றாக ஊற்றினால் என்ன நிறம் வரும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது. அந்த நிறத்தைத் திரையில் பார்த்ததும் கலவை என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் என்று தோன்றியது.

யாருடைய உருளைக்கிழங்குக்குப் பயந்தாள், யாருடைய காபியைக் குறைத்தாள், தெரியாது. அவள் நடுத்தரம் இல்லை. என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஒருவேளை மூவரிலும் மோசமாக இருக்கலாம். இருக்கட்டுமே. முழுக்க அவளுடைய மோசமாகவாவது இருக்கும்.

"சரி, ஆனது ஆச்சு," என்றாள் மூத்தவள். தவறு கண்டுபிடிக்கப்பட்டவுடன் அடுத்த பாடத்துக்குப் போகிற ஆசிரியை அவள். புதுக் குழாயைப் பிரித்துப் புனலை மாட்டி நடுவின் முன்னால் நீட்டினாள். "அதுக்காக அங்க எதுக்கு அலையணும்? இங்கேயே துப்பு. இந்தத் தடவை நாங்க கைவைக்கல, நீ மட்டும்தான். உனக்கு என்ன வருதோ, அதை வச்சு நாங்க கூட்டிக் குறைச்சுக்கறோம்."

"துப்பு நடுக்கா," என்றாள் கடைக்குட்டி. "புளிப்பா நினைச்சுக்கோ."

நினைக்கத் தேவையே இருக்கவில்லை. கேக் வாசனையாலோ, கோபத்தாலோ, அவள் வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. நாக்குக்கு அடியில், கன்னங்களில், பல்லிடுக்கில் எல்லாம். குழாய் என்ன, அந்தக் கோட்டையும் தாண்டி வழிகிற அளவுக்கு. வாழ்நாளில் அவளுக்கு இத்தனை ஊறியதில்லை.

சன்னலோரம் இரண்டு கண்கள், மறுபடி விரிந்திருந்த செய்தித்தாளுக்கு மேலாக அவளையே கவனித்துக்கொண்டிருந்தன. கேட்டால் சொல்லிவிடுவார். யாரும் கேட்கப்போவதில்லை.

நடு மொத்தத்தையும் நிதானமாக விழுங்கினாள்.

"வரலைக்கா," என்றாள்.